ரஸ்குவின் வயிற்றில் இடிமுழக்கம்

“ஏனுங் சென்னியப்பண்ணா, இந்த வருசமும் குதிரைக்குத் துணையா ஆடு வருதுங்ளா? வந்தாச் சொல்லுங்க, மசாலா நாங்க அரைச்சு வெச்சிருக்கறோம்!”

பொள்ளாச்சி ராஜமாணிக்கம் இப்படிக் கேட்டது செங்காட்டுப்புதூர் பேக்கரி வாசலில், நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது. நாலு பேரும் சிரித்தார்கள். பேக்கரிக்காரர் சென்னியப்பனும் சிரித்தார். யாராவது கேலி செய்தால் முதலில் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவது அவர் வழக்கம். கோபம் வீட்டுக்குப் போய்க் கைகால் கழுவி, தட்டின் முன் உட்காரும்போதுதான் வரும்.

அன்றும் சரியாகத் தட்டின் முன்தான் வந்தது.

“அம்மணி, இந்தத் தடவ மேனேஜர் வர வேண்டாம்” என்றார் தங்கை ஜமுனாவிடம். “பூதக்கரட்டுக்கு நாம போறது புதையல் எடுக்க. ஆடு மேய்க்க இல்ல.”

ஜமுனா தலையை ஆட்டினாள். பேக்கரியின் பன் வண்டியை ஊர் ஊராக ஓட்டிப்போகிறவள் அவள். போன வருடப் பயணத்தில் ஆட்டோடு போய் நின்றபோது முதல் சிரிப்பு அவள் காதில்தான் விழுந்தது. வேண்டாம் என்று அண்ணன் சொல்லாமல் இருந்திருந்தால் அவளே சொல்லியிருப்பாள்.

மேனேஜர் யார் என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. மேனேஜர் ஒரு கறுப்பு வெள்ளாடு. ஜமுனாவின் குதிரை ரஸ்குவின் கொட்டகையில் குடியிருப்பு. யார் தீனி வைத்தாலும் முதலில் வந்து மோந்து பார்த்து, ஒரு வாய் தின்று, ‘சரி, பரவாயில்லை’ என்பதுபோல் விலகி நிற்கும். அதற்குப் பிறகுதான் ரஸ்கு வாயை வைப்பாள். பேர் வைத்தது சென்னியப்பன். வங்கி மேனேஜர் ஒருவர் அவருடைய கடன் மனுவை அப்படித்தான் மோந்து பார்த்தாராம்.

ரஸ்குவும் பேக்கரியில் பேர் வாங்கியவள்தான். நன்றாகச் சுட்ட ரஸ்கின் நிறம். ஜமுனாவிடம் வருவதற்கு முன்னால் கல்யாண ஊர்வலங்களில் மாப்பிள்ளைகளைச் சுமந்தவள். காதுக்குப் பக்கத்தில் பேண்டு, காலுக்குக் கீழே சரவெடி, முதுகில் பயத்தில் நடுங்கும் மாப்பிள்ளை. அப்படியே சில வருடங்கள். இங்கே வந்த புதிதில் ஒரு தட்டு கீழே விழுந்தால்கூட அன்று முழுக்கத் தின்ன மாட்டாள். வேலி தாண்டி வந்த ஒரு வெள்ளாட்டுக்குட்டி அவள் தொட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொண்ட நாளில்தான் அவள் முதன்முதலாக வயிறு நிறையத் தின்றாள்.

இதெல்லாம் அண்ணனுக்கும் தெரியும், தங்கைக்கும் தெரியும். ஆனால் நாலு பேர் சிரித்தது அதைவிட நன்றாகத் தெரிந்தது.

பூதக்கரட்டு நெடும்பயணத்தில் வேகம் மட்டும் போதாது. ஒவ்வொரு அணியிலும் ஒரு குதிரை, ஓட்ட ஒருவர், உதவிக்கு ஒருவர் இருக்கலாம். பொழுது விடியக் கிளம்பிக் கரடு என்கிற அந்தச் சிறு மலையைச் சுற்றிவர வேண்டும். நடுவில் ஒரு முகாமில் டாக்டர் குதிரையைச் சோதிப்பார். அதற்கு மேல் ஏற்றம் என்பதால் யாரும் முதுகில் ஏறக்கூடாது, கையில் பிடித்துத்தான் நடத்த வேண்டும். மேலே எங்கேயோ ஒரு பித்தளை மணியை ஒளித்து வைத்திருப்பார்கள். முன்னொரு காலத்துப் பாளையக்காரரின் குதிரைப்படை கரட்டில் விட்டுப்போன புதையல் என்று ஒரு கதை உண்டு. அந்தக் கதையின் மரியாதைக்காக இந்த மணி. அதை எடுத்து வருகிறவர்களுக்கே வெற்றி. ஆனால் ஓட்டுகிறவர் கடைசிவரை தன் குதிரையை விட்டுப் பிரியக்கூடாது. திரும்பி வந்ததும் டாக்டர் ‘குதிரை நலம்’ என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த மணி கடையில் எடைக்குப் போடுகிற பித்தளைதான்.

விடிகிற வெளிச்சத்தில் மேனேஜரைக் கொட்டகைத் தூணில் கட்டிவிட்டு ரஸ்குவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஆடு ஒருமுறை கத்தியது. ரஸ்கு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

சென்னியப்பனுக்கு மனசு கேட்கவில்லை. மனசு கேட்காதபோது எதையாவது ஊட்டுவது அவர் பழக்கம்; பேக்கரி வைத்ததற்கே அதுதான் காரணம். புறப்படும் இடத்தில் ஜமுனா சேணம் மாட்டிக்கொண்டிருக்க, இவர் அவித்த கொள்ளு ஒரு வாளி கொண்டுவந்து ரஸ்குவின் முன்னால் வைத்தார். ரஸ்கு மேனேஜரைத் தேடினாள். மேனேஜர் இல்லை. படபடப்பில் அவசர அவசரமாக அள்ளி விழுங்கினாள்.

“பாத்தியா, எப்படித் திங்கறா! ஆடு இல்லாட்டித்தான் பசியே எடுக்குது” என்று இன்னொரு வாளியும் வைத்தார்.

“போதுங்ணா!”

“சித்தெ இரு. தெம்பு வேண்டாமா? கரடு ஏறப் போறவ.”

ஊதல் ஒலித்தது. ஏற்பாட்டாளர் ஒலிபெருக்கியில் இந்த வருடத்துக் குறிப்பைச் சொன்னார்: “மலை குடிச்சு மிச்சம் வெச்ச தண்ணிக்கு மேல மணி தொங்குது!”

குதிரைகள் புழுதி கிளப்பிப் பாய்ந்தன!

மலை குடித்து மிச்சம் வைத்த தண்ணீர் என்றால் பள்ளத்து ஓடைதான் என்று பாதிப் பேர் மேற்கே திரும்பினார்கள். ஜமுனா திரும்பவில்லை. ஓடைத் தண்ணீர் மலை வேண்டாம் என்று விட்டது. மலை தனக்கென்று வைத்துக்கொள்வது சுனை! பூதக்கரட்டின் கிழக்குச் சரிவில் குதிரைச்சுனை என்று ஒன்று இருப்பதாகப் பன் வாங்க வரும் கரட்டோரத்துக்காரர்கள் பேசிக் கேட்டிருக்கிறாள். ரஸ்குவைக் கிழக்கே திருப்பினாள்.

கொஞ்ச நேரம்தான். பின்னால் இன்னொரு குளம்புச் சத்தம் கேட்டது. ராஜமாணிக்கமும் அவருடைய கறுப்புக் குதிரை கலெக்டரும். உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளாமல் தனியாக வருவதில் அவருக்கு ஒரு பெருமை.

“பேக்கரிப் புள்ளைக்கும் மூளை இருக்குது போல!”

“பன்னு தின்னா வரும். நீங்களும் வாங்கித் தின்னுங்க!” என்று கத்திவிட்டு ஜமுனா குதிகாலால் லேசாகத் தட்டினாள். ரஸ்கு பறந்தாள். கற்றாழை வேலிகள் ஓடின, சோளக்காடுகள் ஓடின, ஒரு மயில் அலறிக்கொண்டு வேலிக்குள் பாய்ந்தது. நல்ல ஓட்டம். ஆனால் காதுகள் இரண்டும் முன்னால் நிற்காமல் பின்னாலேயே திரும்பியிருந்ததை ஜமுனா பார்த்தாள். பார்த்தும், காற்று என்று நினைத்துக்கொண்டாள். வழியில் இரண்டு இடத்தில் தொட்டியில் தண்ணீர் இருந்தது. ரஸ்கு மூக்கை நனைத்துக்கொண்டு, யாரோ வருவார்கள் என்பதுபோல் நின்று பார்த்தாள். குடிக்கவில்லை.

நடு முகாமில் ஜீப்பில் முன்னாலேயே வந்து காத்திருந்தார் சென்னியப்பன். கூடவே டாக்டர் எஸ்தர். நாகர்கோவில்காரர், கையில் ஸ்டெதாஸ்கோப், குரலில் வாத்தியாரம்மா.

ரஸ்குவின் ஈறை அழுத்திப் பார்த்தார். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டார்; தோல் மெதுவாகத்தான் படுத்தது. வயிற்றின் இந்தப் பக்கம் மேலே, கீழே, அந்தப் பக்கம் மேலே, கீழே என்று நாலு இடத்திலும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வைத்துக் கேட்டார். முகம் சுருங்கியது.

“குதிரை வயித்துல எப்பவும் ஒரு இடி உருண்டுகிட்டே இருக்கணும், கேட்டியளா? இங்க ஊரடங்கு போட்ட மாதிரி இருக்கு. காலையில என்ன குடுத்திய?”

சென்னியப்பன் கொள்ளுக் கணக்கைச் சொன்னார். ஒரு வாளி என்று சொன்னார். பிறகு டாக்டரின் கண்ணைப் பார்த்து, “ஒண்ணு... ரெண்டுங்க” என்றார்.

“ரெண்டா! தண்ணி?”

“குடிக்கலீங்க” என்றாள் ஜமுனா.

“மக்கா, நமக்குப் பயம் வந்தா வயித்தைக் கலக்குமா இல்லியா? நமக்காவது வாந்தி எடுத்துத் தப்பிக்க வழி இருக்கு. குதிரைக்கு வாந்தியே வராது. உள்ள போனது பின்வாசல் வழியாத்தான் வெளிய வரணும். பதட்டத்துல குடல் நின்னு போச்சுன்னா சூலைன்னு ஒரு வயித்துவலி வந்துரும். சூலை வந்தா நல்ல குதிரையும் ஒரே பொழுதுல போயிரும். இவ வைக்கோல் தின்னணும், தண்ணி குடிக்கணும். அதுவரைக்கும் இங்கயே நில்லுங்க.”

நின்றார்கள். ராஜமாணிக்கம் வந்தார்; ஏனோ சேணப் பையைக் கலெக்டரின் காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு தள்ளிப்போய் நின்றார். கலெக்டர் கடகடவென்று தண்ணீர் குடித்து, புல் தின்று, சோதனையில் தேறி, மேலே ஏறியும் போய்விட்டான். ஜமுனா கரட்டையே பார்த்தாள். ரஸ்கு இரண்டு வாய் வைக்கோலைக் கடித்தாள். தண்ணீரை உதட்டால் கலக்கினாள்.

“டாக்டர், தின்னுட்டாளுங்க! குடிச்சுட்டாளுங்க!”

எஸ்தர் இன்னொரு குதிரையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். “நெசமாவா?”

“நெசமாங்க” என்றாள் ஜமுனா. அந்த வார்த்தை வாயை விட்டுப் போகும்போதே கொஞ்சம் கசந்தது.

“மெதுவாக் கூட்டிட்டுப் போங்க. ஏதாவதுன்னா இந்த ஊதல மூணு தடவ ஊதுங்க, ஓடி வாரேன்.”

கையில் கயிற்றைப் பிடித்து ஜமுனா முன்னால், ரஸ்கு நடுவில், பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டே சென்னியப்பன். பாதை குறுகியது. இருபுறமும் முள். காலடியில் கல் உருண்டது.

“அம்மணி! பேக்கரியில இத்தன வருசமா எல்லாருக்கும் வித்த பன்னு, இப்ப என்ற இடுப்புல வந்து உக்காந்திருக்குது!”

“பேசாம நடங்ணா, மூச்சாவது மிஞ்சும்!”

“மூச்சு போனா என்ற பேரைப் பேக்கரிப் பலகையில போட்டுரு, பெருசா!”

கடைசித் திருப்பம் தாண்டியதும் பாறைகள் சட்டென்று விலகி ஒரு கிண்ணம்போல் இடம் திறந்தது. நடுவில் ஒரு சுனை, கறுப்பாய், அசையாமல். சுனைக்கு மேலே சாய்ந்து நின்ற பாறையில், சிவப்புக் கயிற்றில், வெயிலில் மின்னிக்கொண்டு... மணி!

“அண்ணா! அங்க பாருங்க!” ஜமுனா துள்ளினாள். ராஜமாணிக்கத்தைக் காணோம். வழி தவறி வேறு சரிவில் சுற்றுகிறார் போல! பாறையில் ஏறினால் எடுத்துவிடலாம்!

கையிலிருந்த கயிறு இழுத்தது. திரும்பினாள்.

ரஸ்கு நின்றுவிட்டாள். முன்னங்காலால் தரையைப் பிறாண்டினாள். கழுத்தை வளைத்துத் தன் வயிற்றைத் தானே பார்த்தாள், அங்கே யாரோ குத்தியது போல. மேலுதடு சுருண்டது. கழுத்தெல்லாம் வியர்வை. அப்படியே முழங்கால் மடங்கித் தொப்பென்று விழுந்தாள்.

“ரஸ்கு!”

புரளத் தொடங்கினாள். பாறைக்கும் சுனைக்கும் நடுவில், கால்கள் காற்றில் உதைக்க, அவ்வளவு பெரிய உடம்பு புரண்டது. ஜமுனா ஊதலை வாயில் வைத்து மூன்று முறை ஊதினாள். மூன்றாவது ஊதலில் அழுகையும் சேர்ந்து போனதால் அது ஒரு மாதிரி குருவிச் சத்தமாய் முடிந்தது.

“எந்திரிக்க வையுங்ணா! இப்படிப் புரண்டா குடல் முறுக்கிக்கும்!”

சென்னியப்பன் பின்னாலிருந்து தள்ள, ஜமுனா முன்னாலிருந்து இழுக்க, ரஸ்கு எழுந்தாள். மறுபடி படுக்கப் பார்த்தாள். விடாமல் நடத்தினார்கள். கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றி நடை. மணி தலைக்கு மேலே காற்றில் லேசாக ஒலித்தது. அதை எடுக்க வேண்டுமென்றால் கயிற்றை விட வேண்டும். ஜமுனா கயிற்றை விடவில்லை. அந்தப் பக்கம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“நான் பொய் சொன்னேண்ணா. அவ குடிக்கவே இல்ல.”

“நான் ரெண்டு வாளி வெச்சேன்” என்றார் சென்னியப்பன். அப்புறம் ரொம்பச் சின்னக் குரலில், “மூணாவதும் கொஞ்சம் வெச்சேன்.”

எஸ்தர் பையோடு ஏறி வந்தபோது முகம் சிவந்திருந்தது, பேச மூச்சில்லை. பேசவும் நேரமில்லை. ஊசி போட்டார். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுக் காற்றை வெளியே எடுத்தார், மருந்து கலந்த தண்ணீரை உள்ளே விட்டார். ஸ்டெதாஸ்கோப்பை நாலு பக்கமும் வைத்தார். காத்திருந்தார். மறுபடி வைத்தார்.

“வலி கொஞ்சம் அடங்கிருக்கு. ஆனா குடல் இன்னும் அசையல. இதயம் படபடன்னு அடிக்குது. உடம்பு பூரா இறுகிக் கெடக்கு பாத்தியளா? இவ எதுக்கோ பயந்து போயிருக்கா. என்ன மாத்துனிய? புது எடமா? புது ஆளா?”

அப்போதுதான் பாறைச் சந்திலிருந்து ராஜமாணிக்கம் கலெக்டரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். மணியைப் பார்த்தார். பிறகு ரஸ்குவைப் பார்த்தார்.

ஜமுனா அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். யாரிடம் சொல்ல அவளுக்கு உலகத்திலேயே பிடிக்காதோ, அந்த ஆள் எதிரில் நிற்கும்போதுதான் சொல்லியாக வேண்டியிருந்தது.

“புதுசா எதுவும் இல்லீங்க டாக்டர். ஒண்ணு கொறையுது. எங்க ஆடு. அது பக்கத்துல இல்லாம இவ தின்ன மாட்டா, குடிக்க மாட்டா. சிரிக்கறாங்கன்னு வீட்டுல கட்டிப் போட்டுட்டு வந்துட்டோம்.”

சிரிப்பு வரும் என்று சென்னியப்பன் தோளைக் குறுக்கிக்கொண்டார். வரவில்லை. ராஜமாணிக்கம் மீசையைத் தடவினார். சுனையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“கலெக்டருக்கு ரேடியோ வேணுங்க.”

“என்னது?”

“கொட்டகையில ரேடியோ பாடலீன்னா தின்ன மாட்டானுங்க. பழைய பாட்டு. நியூஸ் வந்தாலும் சரிதான். ஒருக்கா மழையில கரண்டு போயி, இதே மாதிரி வயிறு கட்டி, பொழைச்சது பெரும்பாடு. இப்ப பேட்டரி ரேடியோ வெச்சிருக்கறேன். எங்க போனாலும் பையில இருக்கும்.” சேணப் பையைத் தட்டினார். உள்ளே ஏதோ பெட்டி போல் சத்தம் கேட்டது. “இத வெளிய சொன்னீங்க, பாத்துக்கங்க!”

 அதற்குள் ரஸ்கு மறுபடி காலால் தரையைப் பிறாண்டினாள்.

“ஆடு எங்க இருக்குது?” என்றார் ராஜமாணிக்கம்.

“பேக்கரிக்குப் பின்னால. நான் போறேனுங்க” என்றார் சென்னியப்பன்.

“நீங்க எறங்கி ஏறி வர்றதுக்குள்ள பொங்கலே வந்துரும். சாவியக் குடுங்க!” நீண்ட கையை நீட்டி ஜீப் சாவியை வாங்கிக்கொண்டார். கலெக்டரின் கயிற்றைச் சென்னியப்பன் கையில் திணித்தார்.

“ஐயோ, குதிரைய விட்டுப் பிரிஞ்சா நீங்க போட்டியில இல்லீங்களே!” என்று ஜமுனா கத்தினாள்.

“தெரியுமுங்க” என்றார். பாதி சரிவு இறங்கிவிட்டார்.

“நில்லுங்க! அது முட்டும்!” சென்னியப்பன் தன் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒரு தேங்காய் பன்னை எடுத்து வீசினார். “இதக் காட்டுங்க, வந்துரும்!”

ராஜமாணிக்கம் ஒரே எட்டில் பிடித்தார், ஓடினார்!

நடந்தார்கள், நின்றார்கள், நடந்தார்கள். வெயில் பாறையில் ஏறி இறங்கத் தொடங்கியது. எஸ்தர் இடையிடையே கேட்டுக் கேட்டுத் தலையை ஆட்டினார். ஜமுனா ரஸ்குவின் காதுக்குள் பேசிக்கொண்டே நடந்தாள். என்ன பேசினாள் என்பது ரஸ்குவுக்குத்தான் தெரியும். சென்னியப்பனின் பாடு வேறு. கலெக்டர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் சட்டைப்பையில் மூக்கை விட்டான். பன் வாசனை! அந்த மலைமேல், உயிர் போகிற கவலையில் நின்ற மனிதரிடம் ஒரு குதிரை பன் கேட்டது. “உனக்குத் தர மாட்டேன் சாமி, நான் குடுத்தே ஒருத்திக்கு இந்தக் கதி” என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

முதலில் கேட்டது சத்தம். கீழே முட்புதருக்குள்ளிருந்து, கோபமாக, அதிகாரமாக, “ம்மேஏஏ!”

ரஸ்கு நின்றாள். காலையிலிருந்து பின்னால் திரும்பிக் கிடந்த காதுகள் இரண்டும் விருட்டென்று முன்னால் நிமிர்ந்தன.

ராஜமாணிக்கம் ஏறி வந்தார். மீசையில் முள், சட்டையில் ஒரு கை இல்லை, தோளின் மேல் மாலைபோல மேனேஜர்! “பன்னு ஜீப் ஏறற வரைக்குந்தாங்க வேலை செஞ்சுது! அப்பறம் சட்டையத் தின்னுட்டான்!” என்று மூச்சுவாங்கச் சொல்லி இறக்கிவிட்டார்.

மேனேஜர் உடம்பை உதறிக்கொண்டது. நேராக ரஸ்குவிடம் போனது. மோந்து பார்த்தது. ‘என்னைக் கேட்காமல் யார் இதையெல்லாம் செய்தது?’ என்பதுபோல் ஒவ்வொருவராக நால்வரையும் பார்த்தது. பிறகு சுனைக்கு நடந்து, முன்னங்கால்களை மண்டிபோட்டு, தண்ணீரை மோந்து, ஒரு வாய் குடித்தது. சரி, பரவாயில்லை.

ரஸ்கு தொங்கிய தலையோடு மெதுவாகப் பின்னாலேயே நடந்தாள்.

ஜமுனா எஸ்தரைப் பார்த்தாள். “குடிக்கலாமுங்ளா?”

“தாராளமா! தடுத்துராதிய!”

ரஸ்கு குனிந்தாள். உதடு தண்ணீரைத் தொட்டது. கழுத்தில் ஒரு அலை ஏறியது. இன்னொன்று. இன்னொன்று. சென்னியப்பன் ஒவ்வொன்றுக்கும் தானும் எச்சில் விழுங்கினார். குடித்து நிமிர்ந்து, மேனேஜரின் முதுகில் தாடையை வைத்துக்கொண்டு, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். தோள் தளர்ந்தது, முதுகு தளர்ந்தது, வால் தளர்ந்தது.

எஸ்தர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். கண்ணை மூடினார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

“வருது... தூரத்துல வருது...”

அடுத்து நடந்ததை நாகரிகமாகச் சொல்ல வழி இல்லை. நான்கு பெரியவர்கள், ஒருவர் பட்டம் பெற்ற டாக்டர், ஒருவர் பொள்ளாச்சியில் மரியாதைக்குரிய தோப்புக்காரர், ஒரு குதிரையின் பின்பக்கம் வரிசையாக நின்று, தேர் வருமா வருமா என்று பார்க்கும் பக்தர்கள்போல் கழுத்தை நீட்டிக் காத்திருந்தார்கள். ரஸ்குவின் வால் மெல்ல உயர்ந்தது.

தொப்! தொப்! தொப்!

“லத்தி!” என்று அலறினார் சென்னியப்பன். “அம்மணி, லத்தி போட்டுட்டா!” ராஜமாணிக்கத்தைக் கட்டிப்பிடித்தார். ராஜமாணிக்கம் எஸ்தரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஜமுனா ரஸ்குவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பூதக்கரட்டில் புதையல் உண்டு என்று சொன்ன பழங்கதை பொய் இல்லை. ஆவி பறந்துகொண்டு, உருண்டை உருண்டையாக, அங்கேயே கிடந்தது.

அந்தக் கொண்டாட்டத்தில் மேனேஜரை யாரும் கவனிக்கவில்லை. அது பாறைமேல் ஏறிவிட்டிருந்தது. சாய்ந்த பாறை என்பதெல்லாம் மனிதர்களுக்குத்தான். உச்சியில் சிவப்பாய் ஏதோ தொங்கியது. மோந்து பார்த்தது. கயிறு. நல்ல கயிறு. மென்றது.

டணார்!

மணி பாறையில் மோதி, உருண்டு, சுனையோரம் வந்து ஜமுனாவின் காலடியில் நின்றது. ரஸ்கு திடுக்கிட்டாள். ஆனால் ஓடவில்லை. மேலே நின்ற மேனேஜரைப் பார்த்தாள், சுனையோரப் புல்லை மோந்தாள்.

ஜமுனா மணியை எடுத்து ராஜமாணிக்கத்திடம் நீட்டினாள். “இது உங்களுதுங்க. கலெக்டர் நல்லா இருக்கறான்.”

“நான்தான் போட்டியில இல்லியே! நீங்க வெச்சுக்கங்க.”

“இவள நான் இன்னிக்குச் சோதனையில தேற விடமாட்டேன்” என்றார் எஸ்தர் கண்டிப்பாக. “ஓட்டமும் கெடையாது. ஜமுனா, நீ எங்கிட்ட சொன்னது பொய்யின்னு ஊதல் கேட்டப்பவே எனக்குத் தெரியும். திட்டணும்னுதான் வந்தேன். உன் மூஞ்சியப் பாத்ததும் விட்டுட்டேன். அண்ணனுக்கு மட்டும் ஒண்ணு சொல்லுதேன். பாசம் வந்தா இனி வாளிய எடுக்கக்கூடாது!”

“சரிங்க டாக்டர்.”

“கையில என்ன?”

சென்னியப்பன் பின்னால் மறைத்துவைத்திருந்த பன்னைப் பையில் போட்டுக்கொண்டார்.

இறங்கினார்கள். அவசரமில்லாமல், நின்று நின்று. முன்னால் மேனேஜர், அதன் பின்னால் ரஸ்கு, கலெக்டர், பிறகு மனிதர்கள். பாதி வழியில் ராஜமாணிக்கம் வெட்கத்தை விட்டுவிட்டுப் பையிலிருந்து ரேடியோவை எடுத்துத் திருகினார். பழைய பாட்டு ஒன்று கரகரவென்று வந்தது. கலெக்டர் தலையை ஆட்டிக்கொண்டு நடந்தான்.

புறப்பட்ட மைதானத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது மற்ற எல்லோரும் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஓடை, பள்ளம், புதர் எல்லாம் தேடி அலுத்த முகங்கள். ஆட்டின் பின்னால் வரிசையாய் வந்த ஊர்வலத்தைப் பார்த்ததும் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். ராஜமாணிக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். ஒரு கை இல்லாத சட்டையோடு ஒரு மனிதர் அப்படிப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு நிற்கத்தான் செய்யும். என்ன நடந்தது என்று எஸ்தர் ஒலிபெருக்கியில் சொன்னார். ரேடியோ விஷயத்தைச் சொல்லவில்லை. ஆனால் அது பாடிக்கொண்டே இருந்தது.

ஏற்பாட்டாளர்கள் தலையைச் சொறிந்தார்கள். மணியை எடுத்தது ஆடு. ஆட்டுக்கு விதி எழுதவில்லை. கடைசியில் மணியைப் புதுச் சிவப்புக் கயிற்றில் கோத்து மேனேஜரின் கழுத்திலேயே கட்டினார்கள். மைதானம் முழுக்கக் கைதட்டல்! பேண்டுக்காரர்கள் வாத்தியத்தைத் தூக்கினார்கள். “வேண்டாம், வேண்டாம்!” என்று எல்லாக் குதிரைக்காரர்களும் ஒரே குரலில் கத்தினார்கள். பேண்டு அடங்கியது.

எஸ்தர் கடைசியாக ஒருமுறை ரஸ்குவின் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். பிறகு எதுவும் சொல்லாமல் அதைக் கழற்றிச் சென்னியப்பனின் காதில் மாட்டிவிட்டார்.

அவர் கேட்டார். முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு கரட்டுக்கு அந்தப் பக்கம் கோடை மழை வருவதுபோல, எங்கேயோ வண்டி உருள்வதுபோல, பெரிய அடுப்பில் ஏதோ கொதிப்பதுபோல, தாராளமாக, நிதானமாக ஓர் இடி உருண்டது. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

“அம்மணி, கேளு... மழ பேயுது உள்ள.”

ஜமுனா வாங்கிக் கேட்டாள். ராஜமாணிக்கமும் வாங்கிக் கேட்டார். அப்புறம் மைதானத்தில் இருந்தவர்கள் பாதிப் பேர் வரிசையில் நின்று கேட்டார்கள்.

“தெம்பு கொள்ளுல இருக்குதுன்னு நெனைச்சேன்” என்றார் சென்னியப்பன், ராஜமாணிக்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்து. “கொள்ளு எந்தக் கடையிலயும் கெடைக்கும். மேனேஜர் மாதிரி ஒருத்தன் கெடைப்பானுங்களா?”

“கெடைக்காதுங்க” என்றார் ராஜமாணிக்கம். கொஞ்சம் யோசித்து, “அண்ணா, ரேடியோவுக்கு உங்க மாவு மூட்டைத் துணியில ஒரு உறை தெச்சுக் குடுப்பீங்ளா? இனி வெளியிலதான் தொங்கப்போகுது, புழுதி படியும்” என்றார்.

அப்போது ரஸ்கு முதல் வாய்ப் புல்லைக் கடித்து, மெதுவாக மென்றாள். பக்கத்தில் மேனேஜர் தன் கழுத்தில் தொங்கிய புதுச் சிவப்புக் கயிற்றின் நுனியைப் பிடித்து, மோந்து பார்த்து, மென்றுகொண்டிருந்தது.